அரபு பேசினால் அரபியரா? – வாசகர் கேள்விகள், நம் பதில்கள்

சென்ற மாதம் பிரமிடுகளைப் பற்றி ஒருவர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, "அந்தக் காலத்து அரபியர்கள் எப்படித்தான் கட்டினார்களோ" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதித் தொலைத்தேன். பிரமிடு கட்டிய காலத்தில் எகிப்தில் அரபு என்ற பேச்சே கிடையாது, தப்பு என்னுடையதுதான். ஆனால் அந்த ஒரு வரிக்கு வந்து குவிந்த கடிதங்களில் பாதி திட்டு என்றால் மீதி கேள்வி. அதிலும் வளைகுடாவில் வேலை பார்க்கிற நம் ஆட்கள் அனுப்பியவை ஒவ்வொன்றும் அருமை. அதனால் இந்த இதழில் வேறு எதுவும் இல்லை. சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும்.

துபாயிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் கம்பெனியில் சைட் இன்ஜினியர் ஒரு மிஸ்ரி, அதாவது எகிப்தியர். பேச்சுவாக்கில் "நீங்கள் அரபிகள் எல்லாம் இப்படித்தான் சார்" என்று சொல்லிவிட்டேன். மனுஷன் கோபப்படவில்லை, "நான் அரபி இல்லை, மஸ்ரி" என்றார். பேசுவது அரபு, நாட்டின் பெயரிலும் அரபு இருக்கிறது. அப்புறம் என்ன இது?

முதலில், "நீங்கள் எல்லாம் இப்படித்தான்" என்ற பேச்சுக்குக் கோபப்படாமல் விட்டாரே, அதற்கே அவருக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுங்கள்.

அவர் சொன்னதில் இரண்டு மூன்று அடுக்கு இருக்கிறது. மேலோட்டமான அடுக்கு பேச்சு வழக்கு. நைல் கரையில் உழுது பயிரிடும் எகிப்தியருக்கு 'அரப்' என்றால் பல ஊர்களில் இன்றைக்கும் பாலைவனத்து பதுவின்கள், அதாவது சினாயிலும் மேற்குப் பாலைவன ஓரத்திலும் ஆடும் ஒட்டகமும் மேய்த்த கூட்டத்தார். கெய்ரோக்காரருக்கு இன்னொரு பொருளும் உண்டு: கோடை விடுமுறைக்கு வந்து ஹோட்டலில் தங்கிக் காசைக் கொட்டிவிட்டுப் போகும் வளைகுடாக்காரர். ஆக, அவர் "நான் அந்த ஆள் இல்லை" என்று மட்டும் சொல்லியிருக்கலாம்.

அடுத்த அடுக்கில் அரசியல் இருக்கிறது. 1922-ல் எகிப்துக்குப் பிரிட்டன் (பேருக்குத்தான்) சுதந்திரம் அறிவித்தது, அதே ஆண்டு நவம்பரில் துட்டன்காமன் கல்லறை கிடைத்தது. இரண்டும் சேர்ந்து படித்தவர்கள் மத்தியில் ஒரு பாரோ காய்ச்சலையே கிளப்பிவிட்டன. "நாம் ஏழாயிரம் ஆண்டுப் பழைய ஜனம், அரபு நடுவில் வந்தது" என்ற பேச்சு அப்போது சாதாரணம். தாஹா ஹுசைன் அரபு உரைநடையின் பெரிய ஆசான், பார்வை இல்லாதவர். எகிப்து மத்தியதரைக்கடல் பண்பாட்டைச் சேர்ந்தது என்று 1938-ல் ஒரு புத்தகமே எழுதினார், அதையும் அழகான அரபியில்தான் எழுதினார்.

பிறகு நாசர் எகிப்தின் தலைவராக வந்தார். 1953-ல் 'அரபுகளின் குரல்' வானொலி, 1956-ல் சூயஸ், 1958-ல் சிரியாவோடு இணைப்பு. அந்த இணைப்பில் ஒரு விசித்திரம் நடந்தது: எகிப்து என்ற பெயரே நாட்டின் பெயரிலிருந்து காணாமல் போனது. 'ஐக்கிய அரபுக் குடியரசு', அவ்வளவுதான். 1961-ல் சிரியா கோபித்துக்கொண்டு வெளியேறிய பின்னும் தனியாக நின்ற எகிப்து 1971 வரை அந்தப் பெயரையே வைத்துக்கொண்டிருந்தது. 'ஐக்கிய' என்று சொல்லிக்கொள்ள கூட யாருமே இல்லை! அடுத்த அதிபர் சதாத் வந்துதான் எகிப்து என்ற சொல்லை மீட்டு 'எகிப்து அரபுக் குடியரசு' ஆக்கினார். அதே சதாத் இஸ்ரேலோடு ஒப்பந்தம் போட்டதற்காக 1979-ல் எகிப்தை அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக்கிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், கெய்ரோவில் இருந்த தலைமையகம் துனிசுக்குப் போய்விட்டது. பத்து வருஷம் கழித்துத்தான் எகிப்தை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். உங்கள் இன்ஜினியர் இந்தக் கதை முழுவதையும் வீட்டில் கேட்டு வளர்ந்தவராக இருப்பார். 2021 ஏப்ரலில் 22 அரசர், அரசி மம்மிகளைக் கெய்ரோ தெருக்களில் ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் பண்டைய எகிப்திய மொழியில் பாட்டுப் பாடினார்களே, அதைப் பார்த்து அவர் கண் கலங்கியும் இருக்கலாம்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். இதே மனிதர் பாலஸ்தீனச் செய்தி வரும்போது, அல்லது உலகக் கோப்பையில் மொராக்கோ ஜெயிக்கும்போது "நம்ம அரபிகள்" என்பார். பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். நாம் ஊரில் ஒரு பேர், சென்னையில் ஒரு பேர், டெல்லியில் ஒரு பேர் சொல்லிக்கொள்வதில்லையா, அந்த மாதிரி. எகிப்து அரசுச் சின்னத்தைப் பாருங்கள், நடுவில் இருப்பது சிலுவைப் போர்க் காலத்துத் தளபதி சலாஹுதீனின் கழுகு. சலாஹுதீன் அரபியர் இல்லை, குர்து இனத்தவர்.

திருச்சியிலிருந்து ஓர் ஆசிரியை: வகுப்பில் ஒரு மாணவி கேட்டு மாட்டிக்கொண்டேன். அரபியர் என்றால் யார்? சுருக்கமாகச் சொல்லவும்.

சுருக்கமாகச் சொல்ல முடிந்தால் இத்தனை கடிதம் வந்திருக்காது, டீச்சர்.

நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய சான்று கி.மு. 853-ஐச் சேர்ந்தது. அசீரிய அரசன் மூன்றாம் ஷால்மனேசர் சிரியாவின் கர்கர் என்ற இடத்தில் ஒரு கூட்டணியோடு மோதியதைக் கல்லில் வெட்டி வைத்தான், அதில் எதிரிகள் பட்டியலில் 'அரபியன் கின்திபு, ஆயிரம் ஒட்டகம்' என்று வருகிறது. வரலாற்றுக்குள் அரபியர் நுழைவதே ஒட்டகத்தோடுதான். அதற்குப் பிறகு இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் அதே வாசனைதான். 1332-ல் துனிசில் பிறந்த இப்னு கல்தூன் 'அரப்' என்று எழுதும் பல இடங்களில் அவர் சொல்வது நாடோடி பதுவின்களை. அவரே தன் வம்சத்தைத் தென் அரேபியாவில் கொண்டுபோய் நிறுத்துகிறவர், ஆனாலும் நகரத்து மனிதராகிய தன்னை அந்தச் சொல்லுக்குள் அடைக்கவில்லை.

வம்சாவளிக்காரர்கள் ஒரு பாகுபாடு வைத்திருந்தார்கள். கஹ்தான் வழி வந்த தென்னாட்டார் அசல் அரபியர், இஸ்மவேல் வழியில் அத்னானிடமிருந்து வந்த வடநாட்டார் 'அரபியர் ஆனவர்கள்'. முகம்மது நபியின் குறைஷிக் குலம் இதில் இரண்டாவது பிரிவு! அதாவது ஒருவர் அரபியராக 'ஆக' முடியும் என்பது அவர்களுடைய பழைய கணக்கிலேயே இருந்தது. ஏழாம் நூற்றாண்டுக்குப் பிறகு அரமேயம் பேசிய சிரியாவும் காப்டிக் பேசிய எகிப்தும் அமாசிக் பேசிய வட ஆப்பிரிக்காவும் நூற்றாண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல அரபுக்கு மாறின. மக்களை அப்புறப்படுத்திவிட்டு வேறு மக்கள் வந்து குடியேறிய கதை அல்ல இது, பெரும்பாலும் இருந்த ஜனமே பேச்சை மாற்றிக்கொண்ட கதை. அரபு இலக்கணத்தின் தொல்காப்பியர் என்று சொல்லத்தக்க சீபவைஹி பாரசீகர். அவரை யாரும் அரபியர் ஆக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

இன்று நாம் புரிந்துகொள்கிற பொருள், அதாவது மொராக்கோவிலிருந்து ஈராக் வரை ஒரே இனம் என்பது, 19-ஆம் நூற்றாண்டு பெய்ரூட் சரக்கு. செய்ததில் முன்வரிசை கிறிஸ்தவர்கள்: புத்ருஸ் புஸ்தானி அகராதியும் கலைக்களஞ்சியமும் போட்டார், இப்ராஹிம் யாஸிஜி "விழித்தெழுங்கள் அரபியரே" என்று கவிதை பாடினார். அவர்களுடைய கணக்கு எளிது. மதம் என்று வந்தால் சிறுபான்மை, மொழி என்று வந்தால் சமம்.

அந்தக் கணக்கைக் கொள்கையாக்கியவர் சாத்தி அல்-ஹுஸ்ரி. இந்த மனிதரைப் பற்றித் தனியாக ஒரு இதழே போடலாம். 1880-ல் யேமனின் சனாவில் பிறந்தார், துருக்கிய சாம்ராஜ்ய அதிகாரி, துருக்கி மொழியில் எழுதிப் பேர் வாங்கியவர், நாற்பது வயதை ஒட்டித்தான் முழுநேர அரபியர் ஆனார், அவருடைய அரபியில் கடைசிவரை துருக்கி வாடை அடித்ததாம். ஈராக்கில் பைசல் மன்னர் காலத்தில் பள்ளிக்கூடங்களையும் பாடப்புத்தகங்களையும் அவர் கையில் கொடுத்தார்கள். அவர் சொன்னது: அரபு பேசுகிறவர் எவரும் அரபியரே, மதமும் வம்சமும் பொருட்டில்லை, அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அரபியரே, இல்லை என்று மறுத்தால் அவர் அறியாமையில் இருக்கிறார் அல்லது யாரோ அவரைக் கெடுத்துவிட்டார்கள்.

'மதமும் வம்சமும் பொருட்டில்லை' என்பதைப் படிக்கும்போது கைகுலுக்கத் தோன்றுகிறது. 'விரும்பாவிட்டாலும்' வந்ததும் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. இந்த இதழில் நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான், மீதிக் கேள்விகளிலும் இதே 'விரும்பாவிட்டாலும்' திரும்பத் திரும்ப வரும்.

சேலம் வாசகர்: அரபியர் என்றால் முஸ்லிம்கள்தானே? ஏன் குழப்புகிறீர்கள்?

இல்லை. உலகத்தில் முஸ்லிம்கள் அதிகம் உள்ள நாடுகளின் வரிசையில் முன்னால் நிற்பவை இந்தோனேசியா, பாகிஸ்தான், இந்தியா, வங்கதேசம். ஒன்றுகூட அரபு நாடு இல்லை. மறுபக்கம், அரபு தேசியம் பேசிய பாத் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான மிஷெல் அஃப்லக் டமாஸ்கஸ் கிறிஸ்தவர்.

யூதர்களும் இருந்தார்கள். 1932-ல் கெய்ரோவில் அரபு இசை மாநாடு கூட்டியபோது ஈராக் அனுப்பிய குழுவில் வாத்தியம் வாசித்தவர்களில் பெரும்பாலோர் பாக்தாத் யூதர்கள். அரபு இசை இதுதான் என்று உலகத்துக்குக் காட்ட அனுப்பிய ஆட்கள்! 1941 ஜூனில் பாக்தாதில் கும்பல்கள் யூதர்கள் மேல் பாய்ந்தன, 1950-51-ல் ஏறக்குறைய அத்தனை பேரும் விமானம் ஏறிப் போய்விட்டார்கள். இஸ்ரேலில் போய் இறங்கிய இடத்தில் அவர்கள் பேசிய மொழி எதிரியின் மொழி. 'அரபு யூதர்' என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவர்கள் இன்றும் சிலர் உண்டு, பாக்தாதில் பிறந்த வரலாற்றாசிரியர் அவி ஷ்லைம் ஒருவர். அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் திருப்பும் பாக்தாத் யூதர்கள் அதைவிட அதிகம். ஒரே தெருவிலிருந்து போனவர்கள்தான் இரு தரப்பும்.

நாகர்கோவில் வாசகி: என் அலுவலகத் தோழி லெபனான்காரி, மாரோனைட் கிறிஸ்தவர். டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துவிட்டு "பார், நான் ஃபினீசியன், அரபு இல்லை" என்று எல்லோருக்கும் காட்டுகிறாள். நிஜமா?

டெஸ்டில் நிஜம் இருக்கலாம், முடிவில்தான் இடறுகிறது. சிடோனில் தோண்டி எடுத்த, சுமார் 3,700 வருஷம் பழைய கானானிய (ஃபினீசியரின் முன்னோர்) எலும்புகளை ஆராய்ந்து 2017-ல் ஒரு கட்டுரை வந்தது. இன்றைய லெபனான் மக்களின் மரபணுவில் பெரும்பங்கு அந்தப் பழைய ஜனத்திலிருந்தே வருகிறது என்றது. தோழிக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் இது லெபனான் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் கிடைத்த பட்டயம் இல்லை, அவர் 'அரபு' என்று ஒதுக்குகிற பக்கத்துத் தெரு முஸ்லிமுக்கும் அதே பாட்டன்தான். எலும்புக்கு மொழி தெரியாது, ஓட்டும் கிடையாது.

ஃபினீசியக் கதைக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது, அதைக் கேலி செய்யமாட்டேன். சுற்றிலும் பெரிய அரபு நாடுகள், உள்ளே மதவாரிக் கணக்கு. "பெரிய அரபுக் கடலில் கரைந்துவிடுவோம்" என்ற கவலை அவர்களுக்கு நூறு வருஷமாக. சயீத் அக்ல் என்ற கவிஞர் லெபனான் பேச்சு வழக்கு ஒரு தனி மொழி என்று அடம்பிடித்து, அதற்கு லத்தீன் எழுத்தில் ஒரு நெடுங்கணக்கும் செய்தார். அவருடைய செவ்வியல் அரபுக் கவிதைகளை லெபனான் பாடகி ஃபைரூஸ் பாடி அரபுலகம் முழுக்கக் கேட்டது என்பது தனி வேடிக்கை. 1943 உடன்பாட்டில் லெபனானுக்கு 'அரபு முகம்' என்று பட்டும்படாமல் ஒரு சொல் போட்டார்கள், பதினைந்து வருஷ உள்நாட்டுப் போர் முடிகிறபோது 1989 தாயிஃப் ஒப்பந்தத்தில் 'அடையாளத்தாலும் சார்பாலும் அரபு நாடு' என்று இறுக்கி எழுதினார்கள். 'முகம்' என்ற ஒரு சொல் போய் 'அடையாளம்' வருவதற்கு எத்தனை உயிர்கள் என்று தோழியிடமே கேளுங்கள், அவர் வீட்டுக் கதையும் வரும்.

புதுச்சேரியிலிருந்து: பாரிஸில் இருக்கும் என் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் அல்ஜீரியர். அரபியர் என்று அக்கா சொன்னதற்கு "நாங்கள் கபைல்" என்று பாடமே எடுத்துவிட்டாராம். யார் இவர்கள்?

ஜினடின் ஜிடானைத் தெரியுமல்லவா? அவர் பெற்றோர் கபைல். அல்ஜீரியாவின் வடக்கு மலைகளில் வாழ்கிறவர்கள், அமாசிக் மக்களில் ஒரு பிரிவு. 'பெர்பர்' என்று வெளியார் சொல்வது இவர்களைத்தான். அந்தச் சொல் 'காட்டுமிராண்டி' என்ற கிரேக்க-லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதால் பலருக்குப் பிடிக்காது. அக்காவை 'அமாசிக்' என்று சொல்லச் சொல்லுங்கள்.

இவர்கள் விஷயம் எகிப்தியர் விஷயத்திலிருந்து வேறு. எகிப்தியருக்கு வீட்டில் வேறு மொழி இல்லை, இவர்களுக்கு உண்டு, அதுவும் உயிரோடு உண்டு. பிரான்சோடு நடந்த விடுதலைப் போரில் கபைல் மலைகள் ரத்தம் சிந்தியது கொஞ்சமல்ல. விடுதலைக்குச் சற்று முன் 1962-ல் விடுதலைப் போர்த் தலைவர் பென் பெல்லா துனிசில் இறங்கி "நாம் அரபியர், நாம் அரபியர், நாம் அரபியர்" என்று மூன்று முறை சொன்னார். ஒரு முறை சொன்னால் செய்தி, மூன்று முறை சொன்னால் யாருக்கோ பதில். யாருக்கு என்று மலைக்காரர்களுக்குப் புரிந்தது.

பிறகு பள்ளிகளில் அரபுமயம். ஆசிரியர்கள் போதவில்லை என்று எகிப்திலிருந்தும் சிரியாவிலிருந்தும் வரவழைத்தார்கள். இதில் பரிதாபம் என்னவென்றால், வந்தவர்கள் சொல்லிக்கொடுத்த ஏட்டு அரபு கபைல் பிள்ளைக்கு மட்டுமல்ல, வீட்டில் அல்ஜீரியப் பேச்சு அரபு பேசிய பிள்ளைக்கும் அந்நியம். நம் செந்தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரத்தைப் போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். மொராக்கோக்காரரும் ஈராக்காரரும் தத்தம் வீட்டுப் பேச்சில் பேசிக்கொண்டால் பாதி கைஜாடைதான், கடைசியில் இருவரும் எகிப்தியப் படத்தில் கேட்ட பேச்சுக்கோ ஏட்டு அரபுக்கோ ஒதுங்கவேண்டும்.

1980 மார்ச்சில் மூலூத் மம்மேரி என்ற எழுத்தாளர் திஸி உஸூ பல்கலைக்கழகத்தில் பழைய கபைல் கவிதைகளைப் பற்றிப் பேச வந்தார். தடுத்துவிட்டார்கள். பழைய கவிதை பற்றி ஒரு சொற்பொழிவு, அவ்வளவுதான்! ஏப்ரலில் ஊரே கொந்தளித்தது, அதைத்தான் 'பெர்பர் வசந்தம்' என்கிறார்கள். 2001-ல் காவலில் ஓர் இளைஞன் இறந்து மறுபடி வெடித்தபோது நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2002-ல் தமாசிக்த் (அமாசிக் மொழி) தேசிய மொழி, 2016-ல் ஆட்சிமொழி, 2018-லிருந்து ஜனவரி 12 அமாசிக் புத்தாண்டு அரசு விடுமுறை. ஒரு சொற்பொழிவை 1980-ல் நடக்க விட்டிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மொராக்கோ இதைச் சற்று நிதானமாகக் கையாண்டது. 2011 அரசியல் சட்டத்தில் தமாசிக்த் ஆட்சிமொழி, முன்னுரையில் நாட்டின் அடையாளத்துக்கு அரபு-இஸ்லாமிய, அமாசிக், சஹாரா-ஹஸ்ஸானி என்று கூறுகளை எழுதிவிட்டு ஆப்பிரிக்க, அந்தலூசிய, ஹீப்ரு, மத்தியதரை என்று ஊட்டங்களையும் சேர்த்திருக்கிறார்கள். சாம்பார் மாதிரி எல்லாக் காயும் போட்டாயிற்று. அங்கேயும் முன்பெல்லாம் பிள்ளைக்கு அமாசிக் பெயர் வைத்தால் பதிவு செய்ய மறுத்த காலம் இருந்தது, அதனால் ரொம்பப் புகழவும் வேண்டாம்.

ஒன்று சொல்லாமல் விட்டால் நியாயமாகாது: அரபு மட்டும் பேசுகிற அல்ஜீரியர், மொராக்கியர்களில் பெரும் பகுதியின் முன்னோர் அமாசிக் பேசியவர்களே. அவர்களில் பலர் மனதார "நாங்கள் அரபியர்" என்கிறார்கள். அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் அவர்களைப் பார்த்து "நீ ஏமாந்தவன், நிஜத்தில் அமாசிக்" என்றால் அது ஹுஸ்ரியின் வேலையைத் திருப்பிப் போட்டுச் செய்வதுதான்.

ஈரோடு வாசகர்: அரபு பேசியும் அரபியர் இல்லை என்று சொல்லும் நாடு ஏதாவது இருக்கிறதா?

தெற்கு சூடான். ஜூபா நகரச் சந்தையில் அறுபது இனக்குழுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வைத்திருப்பது 'ஜூபா அரபு' என்ற கலப்புப் பேச்சுதான். அதே ஜனங்கள் அரபு நாடாக இருக்கமாட்டோம் என்று பல்லாண்டுகள் போராடி, 2011 வாக்கெடுப்பில் ஏறக்குறைய 99 விழுக்காடு பேர் பிரிவினைக்கு ஓட்டுப் போட்டு வெளியேறினார்கள்.

வடக்கு சூடான் கதை இன்னும் சிக்கல். 'சூடான்' என்ற சொல்லே அரபியில் 'கறுப்பர்கள்' என்ற பொருள் உள்ளது. அரபு பேசும் வடசூடானியர் பலர் தங்களை அரபியர் என்று வைத்துக்கொண்டு மேற்கே தார்ஃபூர் மக்களை ஏளனமாகப் பார்த்தார்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போனால் இவர்களையே கறுப்பன் என்று ஏளனம் செய்கிறார்கள். 2018 டிசம்பரில் அதிபர் பஷீர் ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய இளைஞர்கள் கார்த்தூம் தெருக்களில் போட்ட கோஷம்: "இனவெறி பிடித்த கர்வக்காரனே, நாடு முழுக்கவே தார்ஃபூர்!" எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் யாரும் இதைவிட நன்றாகப் பேசவில்லை.

அப்புறம் மால்டா. மொழி சிசிலி அரபிலிருந்து வந்தது, எழுதுவது லத்தீன் எழுத்தில். மக்கள் கத்தோலிக்கர்கள், கடவுளை 'அல்லா' என்றே அழைத்து ஜெபிக்கிறார்கள், தவக்காலத்துக்கு 'ரன்டான்' என்று பெயர், ரமலான்தான் அது. 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்று. அரபியரா என்று கேட்டுப் பாருங்கள், உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். இதற்கு நேர்மாறு வேண்டுமென்றால், சோமாலியாவும் கொமொரோசும் அரபு லீக்கில் உறுப்பினர், வீட்டு மொழி அரபு இல்லை.

கோவையிலிருந்து ஒரு கோபக்காரர்: நீங்கள் சொல்வதெல்லாம் காலனிக்காரன் கிளப்பிவிட்ட பிரிவினை. அரபியர் ஒன்றாக இருக்கக்கூடாது என்பதற்காகக் கபைல், ஃபினீசியன் என்று பிரித்தார்கள். நீங்களும் அதற்குத் தூபம் போடுகிறீர்கள்.

கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது, மறுக்கமாட்டேன். 1930 மே மாதம் மொராக்கோவில் பிரெஞ்சுக்காரர்கள் ஓர் ஆணை போட்டு அமாசிக் பகுதிகளை ஷரீஅத் நீதிமன்றங்களிலிருந்து பிரித்துத் தனி வழக்குமன்றங்களில் வைத்தார்கள். பள்ளிவாசல்களில் எதிர்ப்பு கிளம்பி, மொராக்கோவின் தேசிய இயக்கம் பிறந்ததே அதில்தான் என்பார்கள். 2014-ல் இஸ்ரேல் தன் குடிமக்களான கிறிஸ்தவர்களில் சிலரை 'அரபு' பட்டியலிலிருந்து எடுத்து 'அரமேயர்' என்று பதிய வழி செய்தது. அதை மொழிப்பற்று என்று யார் நம்புவார்? அங்கேயே இன்னொரு கூத்து. 'இஸ்ரேலிய அரபியர்' என்று அரசு சொல்லும் ஐந்தில் ஒரு பங்கு ஜனத்தில் பலர் "எங்களைப் பாலஸ்தீனியர் என்று சொல்லுங்கள்" என்கிறார்கள். அங்கே 'அரபியர்' என்ற சொல்லே ஒன்றை மறைக்கப் பயன்படுகிறது.

ஆனால் பிரெஞ்சுக்காரன் ஒரு பிளவைப் பயன்படுத்தினான் என்பதால் கபைல் பாட்டி பேத்திக்குப் பாடிய தாலாட்டு பிரெஞ்சுச் சதி ஆகிவிடாது. சிரியாவில் 1962-ல் ஹசகா மாகாணத்தில் ஒரே நாளில் கணக்கெடுப்பு நடத்தி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குர்துகளின் குடியுரிமையைப் பிடுங்கினார்களே, நாட்டின் பெயர் அப்போதுதான் 'சிரிய அரபுக் குடியரசு' ஆகியிருந்தது. அது எந்தக் காலனிக்காரன் செய்தது? சதாம் உசேன் தன்னைச் சலாஹுதீனோடு ஒப்பிட்டுப் பெருமை பேசுவார், இருவரும் திக்ரித் மண். அந்தக் குர்துத் தளபதியின் சொந்த ஜனத்தின் மேல் 1988-ல் விஷவாயு போட்டவரும் அவரே.

சரி, "அரபு பேசுகிறவர் தன்னை அரபியர் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமா, வேண்டாமா, நேராகச் சொல்" என்று கடிதத்தின் முடிவில் கேட்டிருக்கிறீர்கள். சொல்லிக்கொள்ளலாம், தாராளமாக. நாற்பது கோடிப் பேர் ஒரே பாட்டுக்குத் தலையாட்டுவதும் ஒரே செய்திக்கு அழுவதும் லேசான சொத்தா? 'வேண்டும்' என்று ஒரு பாடப்புத்தகமோ பதிவு அலுவலகமோ மரபணு டெஸ்டோ சொல்லக்கூடாது. 'கூடாது' என்றும் சொல்லக்கூடாது.

மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்: நாங்கள் வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம்கள். தமிழர் இல்லையா என்று தமிழ்நாட்டு நண்பர்கள் கேட்கும்போது விளக்கிக் களைத்துவிட்டோம். இந்த அரபுக் கேள்விக்கும் எங்களுக்கும் தொடர்பு உண்டல்லவா?

உண்டு, நேரடியாகவே உண்டு. தமிழ்நாட்டு வாசகர்களுக்காக: 1888-ல் இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் என்று அழைக்கப்படும் இலங்கை முஸ்லிம்கள் இனத்தால் தமிழர்கள், மதத்தால்தான் முஸ்லிம்கள் என்று ஆய்வுக் கட்டுரை படித்தார். சட்டசபையில் யாருக்கு எத்தனை இடம் என்ற பேச்சு ஓடிய காலம் அது, கட்டுரைக்குப் பின்னால் அந்தக் கணக்கும் இருந்தது. 1907-ல் சோனகர் தரப்பில் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் மறுத்து எழுதினார்: நாங்கள் அரபு வணிகர்களின் வழித்தோன்றல்கள், மொழி வியாபாரத்தால் வந்தது என்று.

கவனித்தீர்களா, ஹுஸ்ரி சொன்னதும் இராமநாதன் சொன்னதும் ஒரே வாக்கியம், மொழியின் பெயர்தான் வேறு. அஸீஸ் மறுத்ததும் அந்தத் துபாய் மிஸ்ரி மறுத்ததும் ஒன்றே, ஆனால் மிஸ்ரி தள்ளிவைக்கும் அரபு வேரைத்தான் அஸீஸ் எடுத்து அணிந்துகொண்டார். அரபு பேசாத அரபியர் என்ற பாத்திரம் மொராக்கோவில் அல்ல, தமிழ் பேசிக்கொண்டு காத்தான்குடியில் கிடைக்கிறது. தந்தை செல்வா காலத்தில் 'தமிழ் பேசும் மக்கள்' என்று ஒரு சொல் புழங்கியது, அதில் இரு தரப்பும் நிற்க இடம் இருந்தது. 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரக் கெடுவில் புலிகள் வெளியேற்றியபோது அவர்கள் அழுததும் கெஞ்சியதும் தமிழில்தான். அதற்குப் பிறகு "நீங்களும் தமிழர்தானே" என்று உரிமையோடு கேட்கிற நண்பரிடம் விளக்கிக் களைப்பது உங்கள் கடமை இல்லை. இந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

மறுபடி அதே துபாய் வாசகர் (பின்குறிப்பாக எழுதியது): அப்படியானால் அந்த இன்ஜினியரை நான் எப்படித்தான் கூப்பிடுவது?

"யா பாஷ்முஹந்திஸ்" என்று கூப்பிடுங்கள். எகிப்தில் இன்ஜினியருக்குத் தருகிற மரியாதை அது. பாஷ் துருக்கி, முஹந்திஸ் பாரசீகத்திலிருந்து அரபுக்கு வந்தது. அன்றைக்கு உங்கள் ஓவர்டைம் ஷீட்டில் கையெழுத்து சீக்கிரம் விழும்.